மலைக்கு நேர்ந்த கால்

முப்பத்தோரு வருஷம் சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக நின்று பிழைத்தவன், ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தேன் என்றால் அதில் ஒரு கௌரவமாவது இருக்கும். நான் விழுந்தது நின்றுவிட்ட வண்டியிலிருந்து. ஐப்பசி மழை, பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு வருகிற கூட்டம், சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தம். எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக நான் இறங்கினேன். தரை என்று நினைத்துக் கால் வைத்த இடம் தண்ணீர் நின்ற குழி. காய்ந்த சுள்ளியை முறித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இரண்டு துண்டு. எலும்பு முறிந்தால் புத்தூர் என்பது எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மெட்ராஸிலிருந்து கார் வைத்துக்கொண்டு அங்கே கட்டுப் போட வருகிறார்கள். என் சொந்தபந்தமெல்லாம் போனிலேயே புத்தூர், புத்தூர் என்றது. ஆனால் என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர், பலமனேர்க்காரர், யார் பேச்சையும் காதில் வாங்காமல் என்னை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் எலும்புக்குள்ளே நீளமாக ஒரு கம்பி இறக்கி, மேலும் கீழும் திருகாணி போட்டு நிறுத்தினார்கள்.

திருப்பதியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை தெரியும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த ஜன்னலிலும் தெரிந்திருக்கிறது. என் மனைவி அங்கே நின்று, மஞ்சள் துணியில் முடிப்புப் போட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள்: கால் கூடியதும் இந்தக் காலாலேயே இவர் அலிபிரியிலிருந்து நடந்து மலை ஏறி வருவார். வேண்டிக்கொண்டது அவள், ஏற வேண்டியது நான். எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான். மொட்டை நேர்ந்துகொள்வது அவளாக இருக்கும், தலை என்னுடையதாக இருக்கும்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அவள் கங்காதர நெல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் களத்தில் நெல் விழுந்தால் முதல் மரக்கால் சாமிக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்றது வீட்டுக்குள் வரும். முதல் மாம்பழத்தைப் படத்துக்கு முன்னால் வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். காணிக்கைக்கு முடி வளர்க்கிற பிள்ளையின் தலையில் கத்தரி படக்கூடாது. இந்தச் சட்டமெல்லாம் சேர்ந்து என் கால் மேலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அது மலைக்கு நேர்ந்த கால். அதன் முதல் நடை மலைக்குத்தான். அதற்கு முன்னால் கக்கூஸுக்கும் தெருமுனைக்கும் நடந்து அதை எச்சில் பண்ணக்கூடாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். டிரைவர் வந்து பார்த்தபோது சிரிக்கத்தான் செய்தார், அவள் முறைத்த முறைப்பில் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. காலை ஊன்றலாம் என்று நினைத்தாலே அந்தச் சுள்ளிச் சத்தம் காதில் கேட்கும். உள்ளங்கை வேர்க்கும். பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் மலையைச் சாக்கு வைத்துப் படுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலில் பாரம் போடச் சொன்னார் எலும்பு டாக்டர். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வீட்டில் வாக்கர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வலது காலால் குதித்துக் குதித்துப் போவேன், இடது கால் காற்றில் தொங்கும். மற்ற நேரமெல்லாம் அது இரண்டு தலையணை மேல் இருக்கும். வேண்டுதல் முடிகிறவரை வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டைகூட. ரசம் சாதம், மோர் சாதம், மறுபடி ரசம் சாதம். சமையல் கட்டுக்கும் கட்டிலுக்கும் ஓடி ஓடி அவள் இளைத்தாள். எனக்கோ வயிறு மட்டும் வளர்ந்தது. அடுத்த முறை டாக்டர் நடக்கிறீர்களா என்று கேட்டபோது, நன்றாக நடக்கிறேன் என்று கூசாமல் சொன்னேன். அவருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள், நம்பிவிட்டார்.

எக்ஸ்ரேக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாசி மாதம் எடுத்த படத்தை டாக்டர் விளக்கில் வைத்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு பேனா முனையால் காட்டினார். முறிந்த இடத்தில் புது எலும்பு மேகம் மாதிரி படர்ந்திருக்க வேண்டுமாம், அங்கே ஒன்றும் இல்லை. முறிந்த கோடு அப்படியே கறுப்பாக இருந்தது. சுற்றி இருக்கிற நல்ல எலும்புகூட மங்கிப் போயிருந்தது. இரண்டு மாதம் பார்ப்போம், அதற்குள் கூடவில்லை என்றால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து இன்னொரு ஆபரேஷன் என்றார். டியூட்டிக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். பஸ் படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். எண்ணியது கிடையாது என்றேன். இந்த நிலைமையில் கண்டக்டர் வேலைக்குத் தகுதி என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷமும் டிப்போவில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு காலில் நொண்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவன் ‘பாவம்’ என்று சொல்வதைக் கேட்கிற மனுஷனாக என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நிற்கிறதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

அங்கிருந்து பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும் ஒரு தெலுங்குப் பெண், தமிழும் கலந்து பேசினாள். தையற்காரர் மாதிரி டேப் எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தாள். இடது தொடை மூன்று விரல் அகலத்துக்குச் சிறுத்திருந்தது. கெண்டைக்கால் துணி மாதிரித் தொங்கியது. நான்கு மாதம் போர்வைக்குள் இருந்ததால் நானே அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அது என்னுடைய கால் என்றே தோன்றவில்லை. அவமானமாக இருந்தது.

“அண்ணா, நிஜம் செப்பண்டி. நடந்தீங்களா, இல்ல காலை தாச்சி வெச்சீங்களா?” என்று கேட்டாள். பத்திரமாக எடுத்து ஒளித்து வைப்பதைத்தான் தெலுங்கில் தாச்சி வைப்பது என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மூலையில் நின்ற என் மனைவி மலை, முடிப்பு, முதல் நடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பெண் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, அவளுக்குத்தான் விளக்கினாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எலும்பு கல்லு இல்லையாம். உயிரோடு இருக்கிற பொருளாம். பழைய எலும்பைக் கரைத்து எடுக்கிற வேலையும் புது எலும்பை வைத்துக் கட்டுகிற வேலையும் உடம்புக்குள் ஒரு நாளும் நிற்பதில்லை. எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அந்த இடத்தில்தான் கட்டுகிற வேலை மும்முரமாக நடக்கும். பாரமே விழாத எலும்பு எதற்கு என்று உடம்பு நினைத்துக்கொள்ளும், கரைக்கிற வேலை மட்டும் நடக்கும். சதையும் அப்படித்தான். சதைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று ஜோடியாக இருக்கிறது. ஒன்று காலை நீட்டும், இன்னொன்று மடக்கும். சதை இழுக்கிற இழுப்பே எலும்புக்கு ஒரு தீனி. இரண்டும் வேலை இல்லாமல் கிடந்தால் வாரக்கணக்கில் வற்றிவிடும், திரும்ப வளர மாதக்கணக்காகும். உள்ளே கம்பி இருக்கிறதே, அது நடப்பதற்காகத்தான் வைத்தது, படுப்பதற்காக இல்லை என்றாள்.

“வாடிதே உண்ட்டுந்தி, தாஸ்தே கரிகிபோத்துந்தி அக்கா” என்று முடித்தாள். உபயோகித்தால் இருக்கும், சேர்த்து வைத்தால் கரைந்து போகும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்தால் செக்கிங் அதிகாரியே இறங்கிப் போய்விடுகிற ஆள் அவள். சந்திரகிரி போனது, காணிப்பாக்கம் போகிற பாதை போனது, அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தன்னால்தான் இப்படி ஆனது என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இல்லைடி, நான்தான் பயந்துகொண்டு உன் வேண்டுதலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தைரியமும் இல்லை.

மறுநாள் காலையில் காபி வரவில்லை. வாக்கர் வந்தது. கட்டிலுக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ராத்திரியெல்லாம் யோசித்த முகம்.

“மொதல் நெல்லுதான் சாமிக்குக் குடுக்குறோம். மொதல் நாத்த எவனாவது குடுப்பானா? நாத்து உடாம நெல்லு எங்கேந்து வரும்? ஊட்டுக்குள்ள நீ நடக்கிறது நாத்து. மலதான் நெல்லு. எய்ந்திருயா.”

எந்தப் பட்டாச்சாரியாரும் இதைவிடச் சரியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது. நானும் அன்றைக்குத்தான் என் பயத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். சத்தம் கேட்கிறது என்றேன். “கேக்கட்டும், நீ நடந்துக்கினே கேளு” என்றாள்.

பிசியோ பெண் சொன்னபடி எடை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி வந்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலை அதன் மேல் வைத்து அழுத்த வேண்டும். முதல் வாரம் இருபது கிலோ வரைக்கும், அப்புறம் முப்பது, அப்புறம் நாற்பது. எவ்வளவு பாரம் தாங்குவது என்பதைக் கால் இப்படிப் பழகிக்கொள்ளுமாம். அவள் தரையில் குந்தி உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பாள். முதல் நாள் பன்னிரண்டைத் தொட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. இருபதைத் தொட ஐந்து நாள் ஆனது. கொஞ்சம் ஏமாற்றி வலது பக்கம் சாய்ந்தால் முள் காட்டிக் கொடுத்துவிடும், ‘இன்னும் பத்து கிலோ எங்க போச்சி’ என்று கேட்பாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அதைத் தொடையால் அழுத்துவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எனக்கு அலுத்துவிடும். அதனால் நிறுத்தங்களின் பேரைச் சொல்லிச் சொல்லிக் குதிகாலைத் தூக்கினேன். திருப்பதி வருவதற்குள் கெண்டைக்கால் எரியும். இந்த எரிச்சல் நல்ல வலி, முறிந்த இடத்தில் குத்தினால் அது கெட்ட வலி, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். கவுச்சி விஷயத்தில் மட்டும் என் மனைவி மசியவில்லை. அதற்குப் பதில் பருப்பு, கொள்ளு, வேகவைத்த வேர்க்கடலை, தினமும் ஒரு வேளை கேழ்வரகு களி, இரண்டு டம்ளர் பால். காலையில் இளவெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். உளுந்து வடகம் காயப்போட்ட பக்கத்திலேயே நானும் காய்ந்தேன்.

சித்திரையில் மறுபடி எக்ஸ்ரே. டாக்டர் படத்தை விளக்கில் வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வந்துடுச்சே” என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளையாகப் புகை மாதிரி படர்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது, மூச்சு தானாக நீளமாக வெளியே போனது. என் மனைவி வராந்தாவுக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து வந்து, இரண்டு மாதம் முன்னாலேயே நடந்திருந்தால் இந்நேரம் டியூட்டியில் இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டினாள்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது, இறங்குவது. ஏறுவது எனக்கு வந்துவிட்டது. பிசியோ அறையில் இருந்த மரப்படியில் நல்ல காலை முதலில் கீழே வைத்து, இடது காலில் உடம்பைத் தாங்கி மெதுவாக இறங்க வேண்டும். பாதியில் தொடை கிடுகிடுவென்று ஆடும், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஏறும்போது சதை சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம் என்றாள் பிசியோ பெண். சதையைவிட மனசுதான் அதிகம் ஆடியது என்பது என் எண்ணம். நான் விழுந்ததே இறங்கும்போதுதானே. ஒவ்வொரு படியிலும் காலைப் பார்த்து, குழி இருக்கிறதா என்று பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். பஸ்ஸில் இப்படி இறங்கினால் பின்னால் இருக்கிற ஜனம் என்னைத் தள்ளிவிட்டுப் போய்விடும். கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிற நாளில் டியூட்டிக்குத் தகுதி என்று எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். மலை ஏறலாம், இறங்குவது மட்டும் பஸ்ஸில் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டு ஏறத் தொடங்கினோம். நூறு படி போவதற்குள் பார்க்கிறேன், என் மனைவி மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் குனிந்து குனிந்து பொட்டு வைத்து வருகிறாள். நிறையப் பெண்கள் அப்படிச் செய்துகொண்டு ஏறுவார்கள். இவள் இதை எப்போது வேண்டிக்கொண்டாள் என்று எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, ‘நீ போய்க்கினே இரு’ என்றாள். முதல் தடவையாக எங்கள் வீட்டில் நேர்ந்துகொண்டவளே செய்கிறாளே என்று கிண்டல் செய்துவிட்டு ஏறினேன். பத்து படிக்கு ஒருமுறை நின்றேன். இடது கால், வலது கால் என்று உதடு அசையச் சொல்லிக்கொண்டே போனேன். கோவிந்தா கோவிந்தா என்று இளசுகள் என்னைத் தாண்டி ஓடினார்கள். வேர்த்தது, எரிந்தது, எல்லாம் நல்ல வலி. பாதி மலை தாண்டியதும் வருகிற காலி கோபுரத்துக்குக் கிட்டே வந்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் கீழே படியில் உட்கார்ந்திருந்தாள். குங்குமக் கிண்ணம் கவிழ்ந்து இரண்டு படிக்குச் சிவப்பாகச் சிதறியிருந்தது. வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், முகம் சுருங்கியிருந்தது. எட்டு மாதமாக என்னைத் தூக்கி, பிடித்து, எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எழுந்த முழங்கால் அது. அதைப் பற்றி ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

“எங்க வலிக்குதுமே?” என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் மேலே பார்த்தாள்.

“இன்னாயா, எறங்கி வந்துட்ட” என்றாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். முப்பது படிக்கு மேல் இருக்கும். கைப்பிடிக் கம்பி ஓரத்தில் இருந்தது, நான் நட்டநடுவே வந்திருக்கிறேன். எந்தக் காலை முதலில் வைத்தேன், எங்கே நின்றேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் முகம்தான் நினைவிலிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறுகிற ஜனம் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் கொட்டிய குங்குமத்தைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.